ஒரு தாம்பாளம் ஆலாத்தி, மூன்று தரை

தை மாதக் கடைசியில், கோபிசெட்டிபாளையம் பக்கம் அக்கா வீட்டில் அவள் மகளுக்கு வளைகாப்பு. நான் தாய்மாமன். ஆலாத்தி சுற்றி முடித்து, தாம்பாளத்தை வாசலில் ஊற்ற எடுத்துப் போன அம்மாளுக்கு நிலைப்படியில் கால் தடுக்கிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தாம்பாளத்தில் இருந்த முக்கால் லிட்டர் ஆலாத்தி மட்டும் ஹாலின் கடைசி டைலில் தொடங்கி, நிலைக்குக் கீழே பதித்த வெள்ளை மார்பிள் பட்டையில் தேங்கி, வெளியே வாசல் சிமென்ட் தரை வரைக்கும் ஓடியது. நாலடி நீளம் இருக்கும்.

“செவப்பு கொட்டுனா நல்லதுதானுங்க, உடுங்க” என்று பெரியவர் ஒருவர் சொன்னார். கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. கறை அங்கேயே இருந்தது.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறவன். துணியில் சாயம் ஏற்றுவதும், ஷேடு தப்பினால் இறக்குவதும் என் பிழைப்பு. தரையிலிருந்து சாயம் இறக்கியது அதுதான் முதல் தடவை. ஒரே சாயம், ஒரே நிமிடத்தில், மூன்று வேறு வேறு தரையில் விழுந்திருக்கிறது. லேபில் வேண்டுமென்றே செய்தாலும் இப்படி அமையாது. அதனால்தான் நாள்வாரியாகக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்பிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

இந்த விவகாரத்தில் கறை செய்த சேதம் பாதி. மீதிப் பாதி அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் செய்தது. நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருவதற்குள் மூன்று காரியம் முடிந்திருந்தது.

முதலில் யாரோ ஈரத் துணியால் துடைத்திருந்தார்கள். துடைத்தது தப்பில்லை, துடைத்த விதம் தப்பு. நடுவிலிருந்து வெளியே இழுத்ததால் நாலடி கறை ஆறடி ஆகியிருந்தது. காய்ந்த துணியை மேலே போட்டு அமுக்கி எடுத்திருந்தால் தண்ணீரில் பெரும்பகுதி துணிக்கே போயிருக்கும். அதையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, சலவைத் தூளைத் தூவித் தேய்த்தது. மஞ்சளாக நின்றிருந்த ஓரங்கள் எல்லாம் உடனே சிவந்துவிட்டன. அக்கா பயந்துபோனாள். இதில் பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருள். புளிப்பிலும் வெறும் தண்ணீரிலும் அது மஞ்சளாக இருக்கும், காரத்தன்மை ஏறினால் சிவப்பாகும். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்ததும் ஆலாத்தி சிவப்பது இதனால்தான். சலவைத் தூளும் காரம். சாம்பார் கறை பட்ட வேட்டிக்கு சோப்புப் போட்டால் சிவக்கிறதே, அதே கதை.

மூன்றாவதுதான் கெட்டது. மச்சான் கழிவறைக்கு வைத்திருந்த ஆசிட்டை மார்பிள் பட்டை மேல் ஊற்றியிருந்தார். நான் வரும்போது நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

“பாரு மாப்ள, கறை எப்படிப் பொங்கி வருது!”

பொங்கியது கறையல்ல, கல். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் அது கரைந்து கரியமில வாயுவாக நுரைக்கும். கல்லின் மேல்தோல் போனதால் அதோடு கொஞ்சம் நிறமும் போகும். கறை விட்டதுபோலத் தெரியும். நுரை அடங்கியதும் பார்த்தால் பளபளப்பு செத்து, சொரசொரப்பான ஒரு வட்டம். சொரசொரப்பான கல்லில் சாயம் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பதை மச்சானிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. மனுஷன் ஏற்கெனவே நொந்திருந்தார்.

இதற்கிடையில் பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவரைத் தடுத்தது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை. ஆசிட் மேல் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த ஹாலில், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து வாளித் தண்ணீர் ஊற்றி ஆசிட்டைக் கழுவி விடும் வரை வேறு எதையும் தொட விடவில்லை.

கறையில் இருந்தது இரண்டு சாயம்

மறுநாள் காலை பார்த்தபோது சிவப்பு குறைந்து, மூன்று தரையிலும் மஞ்சளும் ரோஸும் கலந்த ஒரு நிறம் நின்றது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு வீரியம் இழக்கும்போது குர்குமின் மஞ்சளுக்குத் திரும்பும், அது சரி. ரோஸ் எங்கிருந்து வந்தது?

ஆலாத்தி கரைத்தவரைக் கேட்டேன். “செவப்பு பத்தலீன்னு ரெண்டு ஸ்பூன் குங்குமம் போட்டேனுங்க” என்றார். கடைக் குங்குமம்.

பழைய முறைக் குங்குமம் மஞ்சளிலிருந்தே வருவது. மஞ்சளோடு எலுமிச்சைச் சாறும் வெண்காரமும் படிகாரமும் சேர்த்து உலர்த்துவார்கள். வெண்காரத்தில் உள்ள போரானும் குர்குமினும் புளிப்பில் சேர்ந்து சிவப்பாகும்; அந்தச் சிவப்பின் மேல் சுண்ணாம்பு பட்டால் கருநீலம், கரும்பச்சை என்று இருண்டுவிடும். வேதியியல் பாடத்தில் போரானைக் கண்டுபிடிக்க மஞ்சள் தடவிய காகிதத்தைப் பயன்படுத்துவதும் இதை வைத்துத்தான். அக்கா வீட்டு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டேன். இருளவே இல்லை. பளீரென்று ரோஸாகக் கரைந்தது.

தரையில் இருந்த கறையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றி, அந்தப் பஞ்சைச் சின்னப் பாட்டிலில் போட்டு இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றித் திங்கட்கிழமை லேபுக்கு எடுத்துப் போனேன். ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸில் புற ஊதா விளக்கு இருக்கிறது. அதன் கீழ் வைத்ததும் பாட்டில் ஆரஞ்சாக ஒளிர்ந்தது. மஞ்சளை மட்டும் ஸ்பிரிட்டில் கரைத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. ரோடமைன் வகைச் சாயங்கள் இப்படி ஆரஞ்சாக ஒளிரும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்களே, அதில் இருந்த ரோடமைன்-பி இந்தக் குடும்பம்தான். டப்பாவில் இருந்தது அதேதானா என்று இந்தச் சோதனையை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் இல்லை என்பது நிச்சயம்.

இது தெரிந்ததும் வேலையின் போக்கே மாறிவிட்டது. இரண்டு சாயத்துக்கும் குணம் வேறு. குர்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும், வெயிலில் சாகும். ரோஸ் சாயம் தண்ணீரிலும் கரையும், ஸ்பிரிட்டிலும் கரையும். தண்ணீரில் கரைவதாலேயே அது கல்லுக்குள் ஆழமாகப் போய்விடும். அதோடு அதற்கு நேர்மின் ஏற்றம் உண்டு; களிமண் போல எதிர்மின் ஏற்றம் உள்ள பொருளில் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டுக் குணம்தான் பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது.

லேபில் ஒரு நண்பர், “ஹைட்ரோஸ் போடுங்க, ஒரு நிமிஷத்துல வெள்ளையாயிடும்” என்றார். ஹைட்ரோஸ் என்பது சாயத்தை இறக்கும் தூள், சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். சாயப்பட்டறைக்காரனுக்கு எதற்கெடுத்தாலும் அதுதான். அசோ வகைச் சாயங்களின் பிணைப்பை அது வெட்டிவிடும், உண்மைதான். ஆனால் எல்லாச் சாயமும் அதற்கு மடங்காது. சில சாயங்கள் நிறம் இழந்ததுபோல் நடித்து, காற்றுப் பட்டதும் திரும்பி வரும். அவுரி நீலம் அப்படித்தான். ஈரம் பட்டால் ஹைட்ரோஸ் மூட்டை சூடாகித் தீப்பிடிக்கும், கந்தக நாற்றம் வேறு. வீட்டுக்குள் கொண்டுபோகும் பொருள் அல்ல. வேண்டாம் என்று விட்டேன்.

டைலும் வாசலும்

இரண்டும் சுலபமாக முடிந்தன, சுருக்கமாகவே சொல்கிறேன்.

ஹாலில் இருப்பது பாலிஷ் செய்த விட்ரிஃபைடு டைல். அந்த வகை டைல் நூற்றுக்கு அரை பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்காது. முதல் நாள் துடைப்பிலேயே முகம் சுத்தமாகிவிட்டது. ஆனால் பாலிஷ் போடும்போது உள்ளே மூடிக்கிடந்த நுண்துளைகள் சில திறந்துகொள்ளும். அவற்றில் ரோஸ் நிறம் ஊசிப் புள்ளிகளாக நின்றது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன். நாற்பது புள்ளி இருக்கும். உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான்.

டைல் ஜாயின்ட்தான் அடம் பிடித்தது. அது வெறும் ஒயிட் சிமென்ட். தண்ணீரைப் பஞ்சுபோல உறிஞ்சும். சிமென்ட்டே காரம் என்பதால் அங்கே மஞ்சள் சிவந்தே நின்றது. எலுமிச்சை தேய்த்தால் மஞ்சளாக மாறிக் கறை குறைந்ததுபோலக் காட்டும். உண்மையில் குறையாது, சிமென்ட்தான் அரிக்கும். ஒரு டேபிள் ஸ்பூன் பிளீச்சிங் பவுடரை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் பழைய டூத் பிரஷால் ஜாயின்ட்டில் ஓட்டினேன். ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு. முதலில் இன்னும் சிவந்தது, பிறகு பத்து நிமிடத்தில் வெளுத்தது. கழுவிவிட்டு மறுநாள் இன்னொரு தடவை. முடிந்தது. ஜாயின்ட்டுக்குத் தண்ணீர் குடிக்காத எபாக்சி போட்டிருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது. வீடு கட்டும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. நானும் என் வீட்டில் யோசிக்கவில்லை.

வாசல் சிமென்ட் தரைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. கிழக்குப் பார்த்த வாசல், காலை ஏழு மணியிலிருந்து வெயில். ஒன்பதாம் நாள் மஞ்சள் முழுக்கப் போயிருந்தது. மஞ்சள் கறை வேட்டியை வெயிலில் காயப்போடு என்று அம்மா சொன்னதுதான். ஒளியைக் குடித்துக் குடித்துக் குர்குமின் உடைந்துபோகிறது. ரோஸ் மட்டும் மங்கலாக நின்றது. தினமும் சாணி தெளித்துக் கோலம் போடுகிற இடம் என்பதால் அக்கா அதைக் கறையாகவே எண்ணவில்லை.

மார்பிள்

நிலைக்குக் கீழே நாலடிக்கு ஓரடி வெள்ளை மார்பிள் பட்டை. ராஜஸ்தானின் மக்ரானா கல் என்று சொல்லி விற்றது. கட்டும்போது மச்சான் தானே போய்த் தேர்ந்தெடுத்த கல். அதில் ஆசிட் தின்ற வட்டம் ஒன்று, அதைச் சுற்றி ரோஸும் மஞ்சளுமாக இரண்டு சாண் அகலத்துக்குக் கறை. ஆசிட் கூடாது. தேய்த்தால் மேலே உள்ளது மட்டும் போகும். கறை இருப்பது கல்லுக்கு உள்ளே. உள்ளே போன சாயத்தை வெளியே வரவழைக்க ஒரே வழி பற்றுப் போடுவது.

தாஜ்மகாலுக்கு இந்தியத் தொல்லியல் துறை முல்தானி மட்டியைப் பூசி, காயவிட்டுக் கழுவுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 1994 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்கிறார்கள். அந்தக் கல்லும் மக்ரானாதான்; அது நிஜ மக்ரானா. ஊறிய மண்ணிலிருந்து ஈரம் கல்லுக்குள் போய் அழுக்கைக் கரைக்கும். மண் காயத் தொடங்கியதும் ஈரம் வெளிப்பக்கமாக ஓடிவரும், கரைந்ததையும் கூடவே இழுத்து வரும். மண்ணின் துளைகள் கல்லின் துளைகளைவிட நுண்ணியதாக இருந்தால்தான் இந்த இழுப்பு நடக்கும். முல்தானி மட்டி அப்படிப்பட்ட மண். மேலே சொன்ன எதிர்மின் ஏற்றமும் அதற்கு உண்டு, அதனால் வந்த ரோஸ் சாயத்தைத் திரும்ப விடாது. துணி வெளுக்கிறவர்கள் இந்த வகை மண்ணைப் பழங்காலத்திலிருந்தே எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

தத்துவம் தெரிந்தவன் முதல் தடவையே சரியாகச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

முதல் பற்று வெறும் தண்ணீரில் குழைத்தது. திறந்தபடியே விட்டேன். மாசிக் காற்றில் மூன்று மணி நேரத்தில் வெடித்துக் காய்ந்துவிட்டது. மண்ணின் அடியில் லேசான ரோஸ். மஞ்சள் துளிகூட வரவில்லை. தண்ணீரில் கரையாத ஒன்றைத் தண்ணீரால் அழைத்தால் எப்படி வரும்? நானே எழுதிவைத்த குறிப்பு பக்கத்தில் கிடக்கிறது.

இரண்டாவது, மருந்துக் கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் குழைத்தேன். இதையும் மூட மறந்தேன். அரை மணியில் ஸ்பிரிட் ஆவியாகிப் போனது. கல்லுக்குள் இறங்கவே அதற்கு நேரம் இல்லை. போதாததற்கு நாலடி தூரத்தில் பூஜையறைக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்ல வேளையாக அக்கா கவனித்து மலையேற்றினாள். ஸ்பிரிட் பற்று போடுகிற அன்றைக்கு அந்த வீட்டில் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மூன்றாவதுதான் பலித்தது. முல்தானி மட்டியில் ஸ்பிரிட்டை விட்டு வடை மாவுப் பதத்துக்குப் பிசைந்தேன். வழியக் கூடாது, விரிசலும் விடக் கூடாது. கறையைத் தாண்டி இரண்டு விரல் அகலம் கூடுதலாக, சுண்டு விரல் கனத்துக்கு அப்பினேன். மேலே பாலித்தீன் தாள், நான்கு ஓரமும் டேப். ஒரு நாள் முழுக்க அப்படியே. மறுநாள் தாளை எடுத்துவிட்டுக் காயவிட்டேன். மூடியிருக்கும் நேரம் சாயம் கரைவதற்கு, திறந்திருக்கும் நேரம் அது வெளியே வருவதற்கு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பற்று வீண். காய்ந்த மண்ணை மர அகப்பையால் பெயர்த்துத் திருப்பினால் அடிப்பக்கம் அச்சு அசலாகப் பஞ்சு மிட்டாய் நிறம். அக்கா மகள் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

இதே முறையில் இன்னும் இரண்டு பற்று. ஒவ்வொன்றிலும் நிறம் பாதிக்குப் பாதி குறைந்தது. அதற்கு மேல் மண்ணில் எதுவும் ஏறவில்லை, ஆனால் கல்லில் ஒரு ரோஸ் நிழல் நின்றது. அப்புறம் ஆள் மாற்றினேன். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, குழைக்க ஆப்பசோடா. இழுத்து எடுப்பது இனி முடியாது, உள்ளேயே நிறத்தை உடைப்பதுதான் வழி. இதற்கு முல்தானி மட்டியை விட்டு வெள்ளைப் பொருளுக்கு மாறியது வேண்டுமென்றே. அந்த மண்ணில் இரும்பு உண்டு, கறை எடுக்கப் போய்த் துருக் கறை வாங்கிவர எனக்கு விருப்பமில்லை. கறை இல்லாத ஒரு மூலையில் முதலில் போட்டுப் பார்த்து, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே நடுவில் போட்டேன். இரண்டு தடவை. நிழல் போனது.

கடைசியாக, கதவு மறைத்த ஓரத்தில் வெயில் படாமல் ஒரு மஞ்சள் கோடு பாக்கி. முகம் பார்க்கும் கண்ணாடியை வாசலில் சாய்த்து வைத்து, காலை வெயிலை அந்தக் கோட்டின் மேல் திருப்பிவிட்டோம். வெயில் நகர நகரக் கண்ணாடியை நகர்த்துகிற வேலையை மச்சானின் அம்மா எடுத்துக்கொண்டார். ஆறு நாளில் கோடு மறைந்தது. மொத்தக் காரியத்தில் அவருக்கு நம்பிக்கை வந்த வைத்தியம் இது ஒன்றுதான்.

கறை போன பிறகு

கல் வெளுத்ததும் ஆசிட் வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அதுவரை கறை அதை மறைத்திருந்தது. கண்ணாடி மாதிரி இருந்த கல்லில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுண்ணாம்புச் சுவர் போல. இதைப் பற்றுப் போட்டெல்லாம் சரி செய்ய முடியாது. இது கறையல்ல, காயம். பாலிஷ் ஆளைக் கூப்பிட்டோம். கை மெஷினில் தண்ணீர் விட்டுக்கொண்டு, கரகரப்பான பேடில் தொடங்கி நைசான பேடு வரை ஐந்தாறு மாற்றி, கடைசியில் ஆக்சாலிக் பவுடர் போட்டுத் தேய்த்தார். அரை நாள் வேலை. வட்டத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் தெரியும் என்று பட்டை முழுவதையும் இறக்கினார்.

நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கல்லு மேல ஆசிட் ஊத்தற ஊடுகதானுங்க எங்குளுக்குச் சோறு போடுது.” மச்சான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணக்குப் பார்த்தால் மஞ்சளும் குங்குமமும் எடுக்கச் செலவானது முல்தானி மட்டி, ஸ்பிரிட், பெராக்சைடு, ஆப்பசோடா, கொஞ்சம் பொறுமை. பாலிஷ் கூலி அதைப்போலப் பல மடங்கு. அது கறைக்கான செலவே இல்லை. சம்பவம் நடந்து பட்டை பழையபடி ஆக 31 நாள் ஆனது. ஆலாத்தி கொட்டிய ஐந்தாம் நிமிடத்தில் நான் பந்தியில் உட்காராமல் ஒரு காய்ந்த துண்டை மேலே போட்டு அமுக்கியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். சாயப்பட்டறை லேபில் இருப்பவன் கண் முன்னால்தான் சாயம் கொட்டியது.

சித்திரை முடிவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பெண் குழந்தை. வாசலில் ஆலாத்தி தயாராக இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் மட்டும், குங்குமம் போடவில்லை. மார்பிள் பட்டை மேல் மச்சான் கெட்டியான பாலித்தீன் தாளை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார்.

“செங்கல்லுத் தடுக்கிப் புள்ளையோட உழுந்தா என்ன பண்ணறதுங்க?” என்று அக்கா கேட்டாள். அவர் செங்கல்லை எடுத்துவிட்டு, தாளின் ஒரு ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றார். இன்னொரு ஓரத்தில் நான்.